ஐம்பது வாட் வானொலியும் ஊர்ப்பேச்சும்

வானொலி என்றால் தொலைவிலிருந்து வரும் குரல் என்பது தமிழ்நாட்டில் மூன்று தலைமுறையாகப் படிந்துபோன எண்ணம். தில்லியிலிருந்து செய்தி, சென்னையிலிருந்து கச்சேரி, திருச்சியிலிருந்து வேளாண் அறிவுரை, கொழும்பிலிருந்து சினிமாப் பாட்டு. பேசுகிறவர் ஓரிடம், கேட்கிறவர் வேறிடம். அடுத்த தெருவில் நடக்கப்போகும் ரத்ததான முகாமையோ, மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் கிளை நூலகத்தையோ, கண்மாய்க் கரையில் கொட்டும் குப்பையையோ பற்றி அந்த ஊர்க்காரர் இருவர் உட்கார்ந்து பேச, அந்த ஊரே அதைக் கேட்பது வானொலிக்கு உரிய வேலை என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. இந்தத் தொலைவு அலைகளின் இயல்பால் வந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. இந்தியாவில் வானொலி பிறந்ததே ஊர்ச் சங்கமாகத்தான். அதை ஊரைவிட்டு விலக்கியது அரசு எடுத்த முடிவு. சமுதாய வானொலி என்ற பெயரில் அது ஊருக்குள் திரும்பிவந்த பிறகும் ஊர்ப்பேச்சை வாசலிலேயே நிறுத்திவைத்திருப்பதும் அரசு எடுத்த முடிவுதான். பணமில்லை, ஆளில்லை, கைப்பேசி வந்துவிட்டது என்று சொல்லப்படும் காரணங்களெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்பவை.

1923 ஜூனில் பம்பாயிலும் நவம்பரில் கல்கத்தாவிலும் ரேடியோ கிளப்புகள் ஒலிபரப்பத் தொடங்கின. சென்னையில் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பை அமைத்தார். அதே ஆண்டு ஜூலை 31 அன்று எழும்பூரிலிருந்து அதன் ஒலிபரப்பு தொடங்கியது. முதலில் வைத்திருந்த கருவியின் திறன் 40 வாட், பிறகு வந்தது 200 வாட். இன்று சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் 50 வாட்டையும் விடக் குறைந்த திறனில்தான் சென்னை முதன்முதலில் பேசியது. உறுப்பினர் சந்தாவை நம்பி நடந்த அந்த கிளப் 1927 அக்டோபரில் பணமில்லாமல் மூடப்பட்டது. இதற்கு அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. கிளப்பின் கருவியைச் சென்னை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பைத் தொடங்கியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்தது. பள்ளிகளுக்கு வானொலிப் பெட்டிகள் கொடுத்தது. 1927இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையம் திறந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனம், சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் கலைக்கப்பட்டிருந்தது. இரண்டு பெருநகரங்களில் முதலீட்டோடு இறங்கிய கம்பெனிக்கு முடியாததை, சாக்கடையும் தெருவிளக்கும் பார்க்கும் ஓர் உள்ளாட்சி அமைப்பு எட்டு ஆண்டு செய்துகாட்டியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டதும் மாநகராட்சி விலகிக்கொண்டது.

இந்தத் தொடக்கத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கிளப் உறுப்பினர்கள் வசதி படைத்தவர்கள். அன்றைக்கு வானொலிப் பெட்டி வாங்குவது சாதாரணக் குடும்பத்தால் ஆகிற காரியம் அல்ல. ஒலிபரப்பிலும் இசையே பெரும்பங்கு. கடற்கரையில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றவருக்குக் கேட்க உரிமை கிடைத்தது, திருப்பிப் பேச வழி கிடைக்கவில்லை. அதற்கு முன்னும் ஊருக்குச் சேதி சொல்லும் முறை ஒருவழிப் பாதையாகத்தான் இருந்தது. தண்டோராக்காரர் சொன்னது மேலிடத்து உத்தரவு. அந்தப் பறையைத் தூக்கும் கடமையும் சாதியைப் பார்த்தே சுமத்தப்பட்டது. 2022இல்தான் தமிழ்நாடு அரசு அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. ஆகவே மாநகராட்சி வானொலி ஊர்ப்பேச்சின் முழு வடிவம் அல்ல. ஆனாலும் அதில் ஒன்று உறுதியாயிற்று: ஒரு நகரம் தன் எல்லைக்குள் கேட்கும் வானொலியைத் தன் வரிப்பணத்தில், தன் பொறுப்பில் நடத்த முடியும். மைசூரில் எம்.வி.கோபாலசுவாமி என்ற உளவியல் பேராசிரியர் 1935இல் தம் வீட்டிலேயே நிலையம் அமைத்து அதற்கு ஆகாசவாணி என்று பெயரும் வைத்தார். நகரசபையும் பொதுமக்களும் உதவ, சில ஆண்டுகள் அது அப்படியே நடந்தது. பிறகு சமஸ்தான அரசு எடுத்துக்கொண்டது. நாட்டின் அரசு வானொலி பிற்பாடு சூடிக்கொண்ட பெயர் ஒரு வீட்டு மாடத்திலிருந்து போனது என்பதை ஆகாசவாணிக்காரர்களே அடிக்கடி நினைவுகூர்வதில்லை.

இந்த நிலையங்கள் வளர்ந்து ஊருக்கு ஒன்றாகப் பெருகாமல் போனதற்குக் கருவியின் விலையைக் காட்டுவது வழக்கம். ஆனால் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். தந்தியை மனத்தில் வைத்து எழுதிய அந்தச் சட்டம், செய்தித் தொடர்புக் கருவிகளை அமைக்கும் தனியுரிமையை மத்திய அரசிடம் கொடுத்தது. வானொலி பிறந்தபோது அதுவும் அந்த வலைக்குள் விழுந்தது. 1936இல் அகில இந்திய வானொலி என்ற பெயர் வந்தது, 1939 மே 16இல் திருச்சி நிலையம் வந்தது, எல்லாம் தில்லியின் கீழ். 1942இல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய காங்கிரஸ் வானொலி ஆகஸ்டு இறுதியிலிருந்து நவம்பர் நடு வரை தலைமறைவாக ஒலித்துப் பிடிபட்டது. சொந்தக் கருவியில் சொந்தச் செய்தியைச் சொல்வது குற்றம் என்று வெள்ளையர் அரசு நினைத்ததில் வியப்பில்லை. விடுதலைக்குப் பிறகும் அந்தச் சட்டமும் அந்த நினைப்பும் அப்படியே தொடர்ந்ததுதான் வியப்பு. பெரிய நாடு, பலமொழி, பிரிவினையின் ரத்தம் காயாத காலம் என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. 1950ஆம் ஆண்டுக்கு அந்தக் காரணம் பொருந்தியிருக்கலாம். காரணம் காலாவதியான பிறகும் பழக்கம் போகவில்லை.

இதே காலத்தில் அரசு வானொலி செய்த நல்ல வேலைகளையும் மறைக்கக் கூடாது, ஏனென்றால் அவையே என் வாதத்துக்குச் சான்று. 1956இல் யுனெஸ்கோ உதவியோடு புனே நிலையத்தைச் சுற்றி 150 கிராமங்களில் வானொலிக் கிராம மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஊரில் இருபது பேர் அளவில் கூடி நிகழ்ச்சியைக் கேட்பார்கள், கேட்டதும் விவாதிப்பார்கள், ஐயங்களையும் கருத்துகளையும் நிலையத்துக்கு எழுதுவார்கள், அடுத்த நிகழ்ச்சியில் பதில் வரும். டாடா சமூக அறிவியல் நிறுவனம் இதை ஆய்வு செய்தது. வெறுமனே பெட்டி வைத்திருந்த ஊர்களைவிட, கூடிப் பேசிய ஊர்களில் மக்கள் மிகுதியாகக் கற்றுக்கொண்டார்கள் என்பதே முடிவு. 1959இல் நாடு முழுதும் திட்டம் விரிந்தது, பிறகு மெல்ல ஒடுங்கியது. தஞ்சாவூரில் 1960களின் நடுவில் வந்த ஆடுதுறை 27 நெல்லைத் திருச்சி வானொலி இடைவிடாமல் எடுத்துச் சொன்னதால் உழவர்கள் அதை ரேடியோ நெல் என்றே அழைத்தார்கள். கேட்பவருக்கு அன்றாடம் பயன்படும் சேதி, அவர் பேசும் தமிழில், அவர் நிலத்தைப் பற்றி வந்தால் வானொலிக்கு எவ்வளவு செல்வாக்கு இருக்கும் என்பதற்கு அந்தப் பெயர் போதும். ஆனால் எந்த நெல்லைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தவர் உழவர் அல்லர். உர மூட்டைக்கு வரிசையில் நின்றதையும், கூட்டுறவுச் சங்கத் தேர்தல் நடக்காததையும், வாய்க்கால் தூர்ந்ததையும் பற்றி அதே உழவர் அதே ஒலிவாங்கியில் பேச முடிந்திருந்தால் அந்த நெல்லின் வரலாறே வேறாக எழுதப்பட்டிருக்கும். விதை பற்றிய அறிவுரை உள்ளே வரலாம், விதை கிடைக்காத முறையீடு வெளியே நிற்க வேண்டும் என்ற கோடு அப்போதே போடப்பட்டுவிட்டது.

கோட்டை அழிக்கும் யோசனை அரசுக்குள்ளிருந்தே ஒருமுறை வந்தது. அவசரநிலை முடிந்து ஆட்சி மாறிய பின் அமைந்த வர்கீஸ் குழு, 1978இல் கொடுத்த அறிக்கையில், கல்வி நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து உள்ளூர் ஒலிபரப்பை ஊக்குவிக்கலாம் என்றது. அறிக்கை அலமாரிக்குப் போனது. 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் ஆகாசவாணியின் முதல் உள்ளூர் நிலையம் திறக்கப்பட்டது. ஒரு மாவட்டத்துக்கு ஒரு நிலையம், அந்த மாவட்டத்து மக்களே பேச்சாளர்கள் என்பது அதன் நோக்கம். குமரி மாவட்டத்தின் தமிழ் வழக்குக்கும் கலைகளுக்கும் அந்த நிலையம் இடம் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் நிலையத்தின் தலைமை, பணியாளர், செலவு, எல்லாம் மையத்தின் கையில் இருந்தன. உள்ளூர் என்பது அங்கே ஒலிபரப்பின் வீச்சைக் குறித்தது, பொறுப்பைக் குறிக்கவில்லை. இலங்கையில் மகாவலித் திட்டக் குடியேற்றங்களுக்காகத் தொடங்கிய வானொலி முயற்சியின் தொடர்ச்சியாக 1989இல் வந்த கொத்மலை நிலையமும் இந்த இரட்டை நிலையில்தான் வாழ்ந்தது. ஊர் மக்கள் கேள்வி அனுப்ப, அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி ஒலிபரப்பிலேயே விளக்கம் சொல்லும் நிகழ்ச்சியை 1990களின் இறுதியில் நடத்தி அது உலகப் புகழ் பெற்றது. உரிமையோ அரசு ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வசமே இருந்தது.

இந்தியாவில் கதவைத் திறந்தது கிரிக்கெட். 1993 ஹீரோ கோப்பை ஆட்டங்களை யார் ஒளிபரப்புவது என்று தொடங்கிய வழக்கில், 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அலைக்கற்றை பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. அரசின் தனியுரிமையோ, பணக்காரர்களின் தனியுரிமையோ அங்கே செல்லாது, பேச்சுரிமையும் கேட்போர் உரிமையும் சேர்ந்ததே அது என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்ததும் அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. பண்பலை நிறுவனங்கள் நகரங்களுக்கு வந்தன. பொதுச் சொத்தில் பொதுமக்களின் பங்கு வருவதற்கு மட்டும் பதினோரு ஆண்டு ஆயிற்று. அந்த இடைவெளியில் மக்கள் கைகட்டிக் காத்திருக்கவில்லை. கர்நாடகத்தில் கோலார் பக்கம் பூதிகோட்டையில் உரிமம் இல்லாததால் கேபிள் கம்பி வழியே வீடுகளுக்கு ஒலி அனுப்பினார்கள். அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில், ஜகீராபாத் அருகே மச்சனூரில், தலித் பெண்கள் 1998இலிருந்து யுனெஸ்கோ உதவியில் கட்டிய அரங்கில் நிகழ்ச்சிகளைப் பதிந்து, ஒலிநாடாக்களைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். பத்து ஆண்டு ஒலிபரப்பில்லாத வானொலி அது. பீகாரில் ஒரு கடைக்காரர் வீட்டிலேயே செய்த கருவியில் நடத்திய ராகவ் எஃப்.எம். 2006இல் உரிமமில்லை என்று மூடப்பட்டது.

அரசு முதலில் நம்பியது கல்லூரிகளை. 2002 டிசம்பரில் அறிவித்த கொள்கைப்படி 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுவே. எண்பது ஆண்டுக்கு முன் ரேடியோ கிளப் இயங்கிய அதே சென்னையில், ஏறத்தாழ அதே திறனில் இன்னொரு சிறு நிலையம். 2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. குறைந்தது மூன்று ஆண்டு சேவை செய்திருக்க வேண்டும். உரிமை லாபநோக்கற்ற அமைப்பிடம் இருக்க வேண்டும். நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்த வட்டாரத்திலேயே உருவாக வேண்டும். அரசியல் கட்சிக்கும் மத அமைப்புக்கும் உரிமம் கிடையாது. இவையெல்லாம் நியாயமான விதிகள். 2008 அக்டோபர் 15 அன்று மச்சனூரின் சங்கம் ரேடியோ வானில் ஏறியது. திறந்துவைத்தவர் 1995 தீர்ப்பை எழுதிய நீதிபதி பி.பி.சாவந்த். தீர்ப்பின் ஆசிரியரே தீர்ப்பின் பயனைப் பார்க்க வந்தது இந்திய நீதிமன்ற வரலாற்றில் அரிதான காட்சி. ஆனால் அந்த விழாவுக்கு வந்திருந்த விதித்தொகுப்பில் ஒரு வரி இருந்தது: செய்தியும் நடப்பு விவகாரங்களும், அரசியல் சார்ந்த எதுவும் ஒலிபரப்பாகக் கூடாது.

இந்த ஒற்றை வரி எவ்வளவு தூரம் பாய்கிறது என்று பார்ப்போம். ஊராட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றுவது செய்தி. குடிநீர்த் தொட்டி கட்ட ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று ஒரு மகளிர் குழுத் தலைவி கேட்பது நடப்பு விவகாரம். வார்டு உறுப்பினரும் குடியிருப்போர் நலச் சங்கச் செயலரும் குப்பைக் கிடங்கு பற்றி வாதிட்டால் அது அரசியல் ஆகாதா? ஆகும் என்றோ ஆகாது என்றோ விதி விளக்கவில்லை. விளக்காததே அதன் வலிமை. உரிமத்தை இழக்கும் அச்சத்தில் இருக்கும் சிறு நிலையம் கோட்டிலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொள்ளும். இதே நாட்டில் செயற்கைக்கோள் தொலைக்காட்சிகள் நாள் முழுதும் செய்தி சொல்லலாம், அச்சு ஏடு எதையும் எழுதலாம். பத்து மைல் கூடக் கேட்காத 50 வாட் குரலுக்கு மட்டும் இந்தத் தடை. 2014இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதைத் தளர்த்த நினைத்தபோது கொடுத்த பரிந்துரை இன்னும் விசித்திரமானது: ஆகாசவாணியின் செய்தியை அப்படியே, அல்லது வட்டார வழக்கில் மொழிபெயர்த்து ஒலிபரப்பலாம். பாம்பனில் இருப்பவர் தில்லிச் செய்தியைத் தம் பேச்சுத் தமிழில் சொல்லலாம், பாம்பன் செய்தியைச் சொல்லக் கூடாது என்றுதானே அதற்குப் பொருள்?

பாம்பனை எடுத்துக்காட்டாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அங்கே 2016இல் தொடங்கிய கடல் ஓசை 90.4, மீனவச் சமுதாயத்துக்கென்றே அமைந்த வானொலி. வானிலை, காற்று, அலை, மன்னார் வளைகுடாவின் உயிரினங்கள், பருவநிலை மாற்றம் என்று அது பேசும் பொருள்கள் கரையில் வாழ்பவரின் வயிற்றோடு தொடர்புடையவை. சுனாமி சிதைத்த நாகப்பட்டினம் கடற்கரையில் விழுந்தமாவடியிலிருந்து தானம் அறக்கட்டளை நடத்தும் களஞ்சியம் வானொலியும் பேரிடர் எச்சரிக்கையை முதன்மைப் பணியாகக் கொண்டது. இவர்களுடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிட ஒன்றுமில்லை. ஆனால் ராமேசுவரம் மீனவர் வீடுகளில் அன்றாடம் பேசப்படும் பொருள் படகு பிடிபட்டதா, போனவர் திரும்பினாரா, அரசாங்கங்கள் என்ன பேசின என்பது. விதியை எழுத்துப்படி எடுத்துக்கொண்டால் காற்றின் வேகத்தைச் சொல்லலாம், கைதானவர் எண்ணிக்கையைச் சொல்லக் கூடாது. உயிருக்கு நேரும் ஆபத்தை இயற்கை, அரசியல் என்று இரண்டாகப் பிளந்து ஒன்றை மட்டும் பேச அனுமதிப்பது கடலுக்குப் போகிறவருக்குப் புரியாத பாகுபாடு.

தடையின் இரண்டாவது விளைவு பணத்தில் தெரிகிறது. உள்ளூர்ச் செய்திக்காக ஒரு நிலையத்தைத் தேடும் நேயர் இல்லாதபோது உள்ளூர்க் கடைக்காரரின் விளம்பரமும் வராது. அந்த இடத்தை அரசுத் துறைகளின் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நிரப்பின. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை பெண்களின் உடல்நலம், ஊட்டச்சத்து பற்றிய தொடர்களுக்குப் பணம் கொடுத்தது. மற்றத் துறைகளும் சர்வதேச அமைப்புகளும் தத்தம் திட்டங்களுக்குக் கொடுத்தன. ரத்தசோகை பற்றிப் பேசுவது தேவைதான். ஆனால் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேட்காத உடல்நலப் பேச்சு பாதிப் பேச்சு. 2012இல் அலைக்கற்றைக் கட்டணத்தை ஆண்டுக்கு 19,700 ரூபாயிலிருந்து 91,000 ரூபாயாக உயர்த்தி, எதிர்ப்பு எழுந்ததும் அரசு பின்வாங்கியது. சிறு நிலையங்களின் நிதிநிலை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அந்தச் சம்பவம் காட்டிக்கொடுத்தது. 2024 பிப்ரவரியில், சமுதாய வானொலியின் இருபதாம் ஆண்டையொட்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில், விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகவும், அரசு விளம்பரக் கட்டணம் பத்து விநாடிக்கு 74 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. உரிமக் காலம் பத்து ஆண்டாயிற்று, ஆலோசனைக் குழுவில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். வரவேற்க வேண்டியவை. செய்தித் தடையை மட்டும் யாரும் தொடவில்லை.

தடைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் கனமானது வெறுப்புப் பேச்சு பற்றியது. ருவாண்டாவில் ஒரு வானொலி அண்டை வீட்டாரைக் கொல்லத் தூண்டியதை உலகம் மறக்கவில்லை. சாதிக் கலவரத்துக்கு ஒரு வதந்தி போதுமாக இருக்கிற நம் ஊர்களில் இந்த அச்சம் பொய்யானதல்ல. ஆனால் 1993இல் தொடங்கிய அந்த ருவாண்டா நிலையம் ஊர் மக்கள் நடத்தியது அல்ல. ஆட்சி வட்டாரத்தின் ஆதரவோடு நாடு முழுதும் கேட்கும்படி நடந்தது. அங்கே நேர்ந்தது சிறு வானொலியின் பிழையன்று, அதிகாரத்தோடு கைகோத்த பெருவானொலியின் குற்றம். நமக்கு அருகில் நேபாளம் இருக்கிறது. 1997 மே மாதத்தில் தெற்காசியாவின் முதல் சுதந்திரச் சமுதாய வானொலியான ரேடியோ சாகர்மாதா காட்மாண்டுவில் தொடங்கியது. அங்குள்ள உள்ளூர் நிலையங்கள் செய்தி சொல்கின்றன. உள்நாட்டுப் போர், மன்னராட்சியின் வீழ்ச்சி, புதிய அரசமைப்பு என்று இந்தியா காணாத கொந்தளிப்புகளை அந்த நாடு கண்டது. அந்த வானொலிகள் அதைத் தீயில் தள்ளவில்லை. 2005 பிப்ரவரியில் மன்னர் ஞானேந்திரா அதிகாரத்தைக் கைப்பற்றியதும் முதலில் செய்த காரியங்களில் ஒன்று பண்பலைச் செய்திகளைத் தடை செய்தது. நிலையத்தார் செய்தியைப் பாட்டாகப் பாடினார்கள், தெருவில் நின்று படித்தார்கள். 2015 நிலநடுக்கத்தின்போது கூடாரத்துக்குள்ளிருந்து ஒலிபரப்பினார்கள். உள்ளூர்ச் செய்தியைத் தடுக்க நினைத்தது யார், எந்த நோக்கத்தில் என்று பார்த்தால் நம் விதித்தொகுப்பின் அந்த வரிக்கு அருகில் யார் நிற்கிறார் என்பது தெரியும்.

கண்காணிக்க ஆளில்லை என்பது அடுத்த வாதம். தடையை எதிர்த்து 2013இல் காமன் காஸ் அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில் அரசுத் தரப்பு இதையும் பாதுகாப்பையும் முன்வைத்தது. ஆனால் ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று அதே உரிம விதி சொல்கிறது. முகவரியும் பெயரும் பதிவும் உள்ள நிலையத்தைப் பிடிப்பது எளிது. உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் கட்சிக்காரர்களும் நிலையத்தைத் தம் பையில் போட்டுக்கொள்வார்கள் என்ற ஐயம் இதைவிட நேர்மையானது. அது நடக்கக்கூடியதே. அதற்கு மருந்து உரிமையாளர் குழுவில் பல பிரிவினரும் இருப்பதும், மறுதரப்புக்கு நேரம் கொடுக்கும் கட்டாயமும்தான். பேச்சையே தடுத்தால் பெரிய மனிதருக்கு நட்டமில்லை, அவருக்குச் சுவரொட்டியும் ஒலிபெருக்கியும் தொலைக்காட்சியும் உண்டு. வாய் அடைபடுவது நூலகத்தைத் திறக்கச் சொல்லி மனு எழுதும் வாசகர் வட்டத்துக்கும், மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்கும், துப்புரவுப் பணியாளருக்கும்தான்.

கைப்பேசி இருக்கிறதே, ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, இனி எதற்கு வானொலி என்று கேட்பார்கள். முதலில், அலைபேசிக் கோபுரம் எட்டாத இடங்களும், எழுதப் படிக்கத் தெரியாத முதியோரும், புயல் மறுநாளில் மின்சாரம் போன வீடுகளும் இன்னும் இருக்கின்றன. அதைவிட முக்கியமானது, குழு என்பது சேர்த்துக்கொண்டவர்களின் கூடாரம். அங்கே சாதி தனித்தனி, கட்சி தனித்தனி, தெரு தனித்தனி. யார் எழுதியது என்று தெரியாத சேதிக்கு அங்கே பொறுப்பாளியும் இல்லை. ஒரே அலைவரிசையில் மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே பேச்சைக் கேட்பது வேறு. வதந்திக்குப் பயந்து வானொலிக்குச் செய்தியைத் தடுத்தவர்கள் வதந்தி ஓடும் சாலையை அகலப்படுத்திவிட்டு, அதை மறுக்கக்கூடிய உள்ளூர்க் குரலைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தமும் அல்ல. முழுத் தடையையும் ஒரே நாளில் நீக்கத் தயங்கினால், சட்டப்படி பொதுவெளியில் நடப்பவற்றை முதலில் விடுவிக்கலாம். தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வாக்காளர் எல்லாரும் அதன் உறுப்பினர், வரவுசெலவை அங்கே படித்துக்காட்ட வேண்டும் என்பது சட்டம். மைதானத்தில் சத்தமாகப் படிப்பது சட்டக் கடமையாக இருக்கும்போது அதையே வானொலியில் கேட்பது குற்றமாக எப்படி இருக்க முடியும்? மாநகராட்சி, நகராட்சி மன்றக் கூட்டங்களும், பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டங்களும், பதிவு பெற்ற சங்கங்களின் ஆண்டுப் பேரவையும் அப்படியே. சென்னை மாநகராட்சி 1930இல் தன் செலவில் வானொலி நடத்தியது, தன் மன்றக் கூட்டத்தை இன்று ஒரு கல்லூரி வானொலி ஒலிபரப்ப விட்டுக்கொடுப்பது அதற்குப் பாரமாக இருக்காது. வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊரிலோ பக்கத்திலோ சமுதாய வானொலி நிலையம் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் 90.4இலோ அதன் அக்கம்பக்கத்திலோ இருக்கும். இருந்தால், அடுத்த கிராம சபைக்கோ உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கோ அவர்களை எழுத்தில் அழையுங்கள். விதியைக் காட்டி வர மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள்.